முதல் ஆல்பத்தை முதலில் மலை கேட்கட்டும்

ஜவ்வாது மலையில் சொந்தப் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் ஒரே குழுவாக இருக்கலாம், ஊருக்கு ஒன்றாகப் பல குழுக்களாகவும் இருக்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும்போது கிடார் பழகியவர், கூத்துக்கு மத்தளம் வாசிக்கும் மாமனிடம் கை பழகியவர், கைபேசியிலேயே பீட் போடக் கற்றுக்கொண்டவர், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். கோடை விழா மேடையில் பத்து நிமிடம் கொடுத்தால் சினிமாப் பாட்டைப் பாடிவிட்டு இறங்குகிறீர்கள். இறங்கியபின் மரத்தடியில் உட்கார்ந்து சொந்தப் பாட்டைப் பாடுகிறீர்கள். அந்த மரத்தடிப் பாட்டுகளைச் சேர்த்து ஓர் ஆல்பம் போட வேண்டும் என்ற பேச்சு உங்களுக்குள் ஓடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் போளூர்ப் பக்கம் மைக்செட் போட்டுப் பிழைத்தவன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, விடிய விடியக் கூத்து என்று நான் குழாய் கட்டாத மரம் அந்தப் பக்கத்தில் குறைவு. பிறகு சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் கம்பி இழுத்து, மைக் நட்டு, கடைசியில் மிக்ஸர் முன்னால் உட்காரும் அளவுக்கு வந்தேன். பாடத் தெரியாது. பாட்டு எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் காணாமல் போகிறது என்பது கொஞ்சம் தெரியும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் முதல் ஆல்பத்தை ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நிற்கிறவர்களின் காதுக்குச் செய்யுங்கள். சென்னைக்காரன் காது, யூடியூப் காது, விருதுக் குழுவின் காது எல்லாம் பிறகு. இதற்கு நான் கூப்பிடப்போகும் முதல் சாட்சி இங்கிலாந்துக்காரர்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

ஷெஃபீல்டு, எஃகு உருக்கிப் பெயர் வாங்கிய ஊர். அதன் வடக்கு ஓரத்தில் ஹை கிரீன் என்று ஒரு புறநகர். அங்கே அக்கம்பக்கத்து வீட்டுப் பையன்களான அலெக்ஸ் டர்னருக்கும் ஜேமி குக்குக்கும் 2001 கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கிடார் வாங்கிக் கொடுத்தார்கள். கூட்டாளி மேட் ஹெல்டர்ஸ் டிரம்ஸுக்குப் போனார். மற்றவர்கள் கிடாரை எடுத்துக்கொண்டதால் மிச்சம் இருந்தது அதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆண்டி நிக்கல்சன் பேஸ் கிடார். குழுவுக்கு ஆர்க்டிக் மங்கீஸ் என்று பெயர் வைத்தார்கள். 2003 ஜூன் 13 அன்று ஷெஃபீல்டில் கிரேப்ஸ் என்ற மதுக்கடையில் முதல் கச்சேரி.

அடுத்து அவர்கள் செய்ததுதான் உங்களுக்கு வேண்டியது. பாடிய பாட்டுகளைக் குறுந்தகட்டில் ஏற்றி, கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் ஒருவருக்கொருவர் பிரதி எடுத்தார்கள், இணையத்தில் ஏற்றினார்கள். அடுத்தடுத்த கச்சேரிகளில் மேடையில் இருப்பவரோடு சேர்ந்து கீழே இருக்கும் கூட்டமும் வரி தவறாமல் பாடியது. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே பாட்டு ஊராருக்கு மனப்பாடம். 2005இல் டாமினோ என்ற சுயேச்சை நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. இப்படிப் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே இயங்குவதைத்தான் இண்டி என்கிறார்கள். 2006 ஜனவரி 23 அன்று முதல் ஆல்பம் வந்தது. 13 பாட்டு, ஏறக்குறைய 41 நிமிடம். முதல் வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்றன. ஒரு குழுவின் முதல் ஆல்பம் பிரிட்டனில் அதற்குமுன் அந்த வேகத்தில் விற்றதில்லை. அந்த ஆண்டின் மெர்குரி பரிசும் அவர்களுக்கே. பாட்டெழுதிய டர்னருக்கு அப்போது 20 வயது.

பத்திரிகைகள் இதை இணையம் செய்த அதிசயம் என்று எழுதின. அது பாதிக் கதை. இணையத்தில் அன்றைக்கும் ஆயிரம் குழுக்கள் இருந்தன. இவர்கள் பாட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள்: இரவில் வாடகைக் காருக்கு வரிசையில் நின்று சண்டை போடுவது, கேளிக்கைக் கூடத்து வாசலில் காவலாள் உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட காதலியைச் சமாதானப்படுத்துவது. எல்லாம் அவர்கள் தெருவில் வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்த சங்கதிகள். பாடியதும் ஷெஃபீல்டு கொச்சையில். லண்டன்காரனுக்குப் புரியுமா, அமெரிக்கன் வாங்குவானா என்று யோசித்து நாக்கைத் திருத்திக்கொள்ளவில்லை. ஆல்பத்தின் பெயரைக்கூட, பக்கத்து நாட்டிங்ஹாமின் தொழிலாளர் வாழ்க்கையை எழுதிய ஆலன் சில்லிட்டோவின் 1958 நாவலிலிருந்து எடுத்தார்கள். மற்றவர் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்களோ அது நானில்லை என்பது அதன் கருத்து. அந்தப் பெயரை ஜவ்வாது மலைக்காரர் வைத்திருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஏனென்று சொல்கிறேன்.

மலையைப் பற்றி மற்றவர்கள் சொல்லத் தொடங்கி ரொம்பக் காலம் ஆகிறது. உங்கள் மலையடிவாரத்தைப் பற்றியே சங்க இலக்கியத்தில் ஒரு பெரிய பாட்டு இருக்கிறது. பத்துப்பாட்டில் கடைசியாக நிற்கும் மலைபடுகடாம், 583 அடி. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அதில் வரும் சேயாறு உங்கள் மலையில் பிறந்து இறங்கும் செய்யாறு.

அந்தப் பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர்களில் ஒருவன், எதிரே வரும் இன்னொரு குழுவுக்கு வழி சொல்கிறான். அதாவது ஓர் இசைக்குழுவுக்கு எழுதிய மடல். தொடக்கத்திலேயே குழுவின் சாமான் பட்டியல் வருகிறது: முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, யானைத் துதிக்கை போல நீண்ட தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டித் தோளில் சுமந்து மலையேறுகிறார்கள். மைக்செட்காரனுக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது தோள் வலிக்கும். பிறகு வழியெல்லாம் எச்சரிக்கை. பன்றிக்கு வைத்த கற்பொறியில் கால் வைக்காதே, தினைக்காவல்காரர் கவண் கல் வந்து விழும் பார்த்துப் போ, வழுக்குப் பாறையில் கொடியைப் பிடித்துக்கொள் என்று போகிறது. இரவு தங்குமிடத்தில் மலைக்காரர்கள் தினைச்சோறும் கறியும் போட்டு, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளும் ஊற்றுகிறார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். மலையின் சத்தங்களை மட்டுமே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார் புலவர். அருவியில் ஆடும் பெண்கள் எழுப்பும் சத்தம், யானையைப் பழக்குகிற பாகரின் அதட்டல், தேன் எடுப்பவர் ஆரவாரம், பன்றி விரட்டும் பறை, கரும்பு நொறுங்கும் ஆலை. தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டும் அதில் உண்டு. புலி கிழித்த கணவன் மார்புப் புண் ஆற வேண்டும் என்று காவலாக மனைவி பாடும் பாட்டும் உண்டு. டேப் ரெக்கார்டர் இல்லாத காலத்தில் ஒருவர் மலை முழுவதையும் காதால் பதிவு செய்து வைத்திருக்கிறார். என் தொழிலில் இதைவிடப் பெரிய ஆசான் எனக்கில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டில் இசைக்குழு என்றால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள். மலைக்காரர் விருந்து வைக்கிறவர்கள். புண்ணாற்றப் பாடுகிற அந்தப் பெண்ணின் பாட்டு, அருவிச் சத்தத்துக்கும் யானைப் பிளிறலுக்கும் நடுவில் மலை போடுகிற இன்னொரு சத்தமாக இரண்டு மூன்று அடிகளில் கடந்துபோகிறது. அவள் என்ன பாடினாள் என்பது நமக்கு வரவில்லை. பாட்டில் வரும் அன்றைய குறவர்களும் இன்றைய மலையாளிப் பழங்குடி மக்களாகிய நீங்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. உங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாக உங்கள் பெரியவர்கள் சொல்லும் வரலாறு வேறு. மலையில் இருப்பவர் பாட்டை நாம் எப்படிக் கேட்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன். பின்னணியில் வைத்துத்தான் கேட்டோம்.

இன்றைக்குச் சினிமா அதையே செய்கிறது. கொல்லங்குடி கருப்பாயி என்றால் 1985இன் ‘ஆண்பாவம்’. பரவை முனியம்மா என்றால் 2003இன் ‘தூள்’. அட்டப்பாடி இருளர் சமூகத்து நஞ்சியம்மா என்றால் ‘அய்யப்பனும் கோஷியும்’. அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தபோது, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று சிலர் கேட்டதையும் பார்த்தோம். அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும், வாழ்நாள் முழுக்க எத்தனையோ பாட்டுப் பாடிய ஒரு மனுஷியை ஒரு படத்தின் ஒரு காட்சி வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. நாளை உங்களுக்கும் அப்படி ஒரு அழைப்பு வரும். “மலை ஃபீல் வேணும், ஒரு ஹம்மிங் போடுங்க” என்பார்கள். போங்கள், பாடுங்கள், காசை எண்ணி வாங்குங்கள். ஒரு பாட்டு பிறர் வீட்டு விருந்து, ஆல்பம் உங்கள் சொந்த வீடு. முன்னதை நம்பிப் பின்னதைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் சினிமாவுக்கு வெளியே நின்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 19 பேர் மேடையேறினார்கள். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கூட்டிய குழு. கானாவும் ராப்பும் கிடாரும் சட்டியும் பறையும் ஒன்றாக வந்தன. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கி வைத்திருந்த கானாவை, அதைப் பாடி வளர்ந்தவர்களே நடுமேடைக்குக் கொண்டுவந்தார்கள். வடசென்னைப் பேச்சில் ஒரு எழுத்தையும் அவர்கள் மாற்றவில்லை. அந்தக் குழுவின் ஒரே பெண் பாடகர் இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

ஜாதகப் பைத்தியங்களுக்காக ஒரு துணுக்கு. அந்தக் கச்சேரி நடந்த ஜனவரி 6, ஷெஃபீல்டு டர்னரின் பிறந்தநாள். அவர் பிறந்தது 1986இல். அதே 1986 ஜனவரி 6 அன்றுதான் உங்கள் மலையில் காவலூர் வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பிரதமர் ராஜீவ் காந்தி வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இதில் எந்த அர்த்தமும் இல்லை. எனக்கு நினைக்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, எதைப் பாடுவது என்ற விஷயம். இங்கேதான் உங்களை அதிகம் பேர் குழப்புவார்கள். மலையிலிருந்து வருகிற பாட்டு என்றால் ஒன்று தேனும் தினையுமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணீராக இருக்க வேண்டும் என்று சமவெளிக்காரர்கள் முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். கண்ணீருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு 20 பேர் இறந்தார்கள். அதில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், உங்கள் மலை ஊர்களிலிருந்து போனவர்களும் உண்டு. மரம் வெட்டக் கூலிக்குப் போவதும், புரோக்கரிடம் முன்பணம் வாங்குவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைப் பாட உங்களுக்கு மனம் வந்தால் பாடுங்கள், உங்களைவிட அதைப் பாட உரிமையுள்ளவர் இல்லை. வராவிட்டால் விடுங்கள். நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவர் எதிர்பார்க்கிறார் என்பதற்காகச் செத்தவர் பெயரை மேடையேற்ற வேண்டிய கடன் உங்களுக்கில்லை.

ஆர்க்டிக் மங்கீஸ் தங்கள் ஊரின் மூடிப்போன எஃகு ஆலைகளைப் பற்றி ஆல்பம் போட்டிருந்தால் லண்டன் விமர்சகர்கள் உச்சிமுகர்ந்திருப்பார்கள். அந்தப் பையன்கள் வாடகைக் கார் வரிசையைப் பாடினார்கள். அந்த வரிசைக்குள்ளேயே ஊர் முழுக்க இருந்தது. உங்களுக்கும் போளூர் பஸ் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் புதுப்பெண் இருக்கிறாள், டவர் கிடைக்கும் பாறை மேல் வரிசையாக நின்று பேசும் பையன்கள் இருக்கிறார்கள், சாமை விலையைக் குறைத்துக் கேட்கும் வியாபாரி இருக்கிறான், கோடை விழா அன்று மட்டும் பளபளக்கும் ரோடு இருக்கிறது. அந்தப் பாறையைப் பற்றி ஒரு பாட்டு வந்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன். பேச்சும் அப்படித்தான். வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே இருக்கட்டும். டிவி தமிழுக்கு மாற்றிவிட்டால் கடைத்தெருப் பாட்டியே “இது யாரு பாட்டுடா” என்று கேட்டுவிடுவாள்.

வெளியாள் கையே படக்கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. அதற்கும் இங்கிலாந்திலேயே ஒரு கதை உண்டு. ஜாய் டிவிஷன், மான்செஸ்டர்ப் பக்கத்துக் குழு. 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் முதல் ஆல்பத்தைப் பதிந்தார்கள். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட் ஒரு கிறுக்கர். பழைய லிஃப்ட் சத்தத்தைப் பதிந்தார், கண்ணாடி உடைவதைப் பதிந்தார், டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து வாசிக்கச் சொன்னார். மேடையில் இடி மாதிரி விழும் பாட்டை இருட்டுக் கிணற்றுக்குள் இறக்கினார். கேட்டுப் பார்த்த குழுவில் இருவர், பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும், தங்கள் பாட்டின் முரட்டுத்தனம் போய்விட்டது என்று வருந்தினார்கள். அந்த ஜூனில் ஃபேக்டரி நிறுவனம் முதலில் 10,000 பிரதி போட்டது. இன்றும் உலகம் அந்த ஆல்பத்தைக் கொண்டாடுவது பெரும்பாலும் அந்தக் கிணற்று ஒலிக்காகத்தான்.

அதன் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆல்பத்தைக் கேட்டிராவிட்டாலும். கறுப்பு டீசர்ட்டில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள் அடுக்கடுக்காக இருக்குமே, அதுதான். திருவண்ணாமலை ரெடிமேட் கடைகள் வரை வந்துவிட்டது. அது மலை இல்லை, நட்சத்திரத்தின் துடிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டுபிடித்த முதல் துடிவிண்மீனின் ரேடியோ அலைகள். 1.337 நொடிக்கு ஒரு துடிப்பு. ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் சம்னர் கண்ணில் பட்ட படம் அது. வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் வெள்ளையைக் கறுப்பாகத் திருப்பி அட்டையாக்கினார். காவலூரை மடியில் வைத்திருக்கும் உங்களுக்கு அட்டைப் படத்துக்குப் பஞ்சமே வராது. யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்கான அறிகுறி 1977 மார்ச் 10இல் அங்கும் பதிவானது. சனிக்கிழமைப் பார்வையாளராக ஒரு நாள் போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஹானட்டைப் போல ஒருவர் கிடைத்தால் வேலை செய்யுங்கள். ஒரு நிபந்தனை மட்டும்: அவர் மலைக்கு ஏறி வரட்டும். பாட்டை நீங்கள் கீழே இறக்கிக் கொண்டுபோய்க் குளிரூட்டிய அறையில் பாடினால், அது நல்ல பாட்டாக வரலாம், உங்கள் ஆல்பமாக வராது. பணம் இல்லாவிட்டால் நீங்களே பதியுங்கள். இதில்தான் கிழவன் உபயோகப்படுவேன்.

பள்ளிக்கூட அறை என்றால் சிமெண்டுத் தரையும் எதிரெதிர்ச் சுவர்களும் குரலைத் திருப்பித் திருப்பி அடிக்கும். இரண்டு சுவரில் கம்பளி தொங்கவிடுங்கள், மூலையில் வைக்கோல் கட்டு போடுங்கள், பாதி எதிரொலி அடங்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே மழை நாளில் பதியவே வேண்டாம். மேளத்துக்கும் கிடாருக்கும் உங்கள் மலையில் ஒரு தகராறு இருக்கிறது. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும்; விடியற்காலைக் குளிரில் எஃகுக் கம்பி இறுகிச் சுருதி ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள், தோலை அனலில் காட்டி முதலில் மேளத்தைப் பதிந்துவிடுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் மறுபடி காட்டுங்கள், கிடாரை அதற்கேற்ப முறுக்குங்கள். கைபேசியில் பதிந்தால் விமான நிலையில் போட்டுவிட்டு, எம்பி3யாக வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள். மைக் முன்னால் ஒரு மெல்லிய பருத்தித் துணி இருந்தால் வாய்க்காற்று ‘புஸ் புஸ்’ என்று விழுவது குறையும். சாயங்காலம் சில்வண்டு கத்தினால் சிலர் பதறி நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். சென்னையில் அந்தச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தை மட்டும் பதிந்து வையுங்கள். ஒட்டு வேலை செய்யும்போது அதன் அருமை தெரியும்.

அடுத்தது காகிதம். இதை அக்காமார் யாராவது கையில் எடுத்துக்கொள்வது நல்லது, பையன்கள் கையெழுத்துப் போடுவதில் அவசரக்காரர்கள். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமே ஆடிய பாட்டு. பாடியவர்கள் தீயும் அறிவும், இசை சந்தோஷ் நாராயணன். பிறகு யார் முகம் அட்டையில் வந்தது, யார் பெயர் மேடையில் விடுபட்டது என்று எவ்வளவு கசப்பு வந்தது என்பது ஊருக்கே தெரியும். 2024இல் சந்தோஷ் நாராயணனே முன்வந்து, அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்றார். அத்தனை பெயர் பெற்றவர்களுக்கே இந்த நிலை.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான இடங்கள் இருக்கின்றன. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றுதான் பொருள். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சமபங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. ஆகவே “எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும்” என்று ஒரு வரி கண்ணில் பட்டால் பேனாவை மூடிவிட்டு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

உங்கள் பக்கத்திலும் நியாயமாக இருங்கள். பாட்டியிடம் கேட்டு எடுத்த நடவுப்பாட்டு ஊர்ச் சொத்து, அதற்கு ‘பாடல்: நான்’ என்று போடாதீர்கள். யாரிடம் கேட்டது, எந்த ஊர் என்று அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். சாமிக்கு மட்டும் பாடுகிற பாட்டு, சாவுக்கு மட்டும் அடிக்கிற அடி என்று சில இருக்கும். அதை ஆல்பத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து முடிவுசெய்யட்டும். வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள், 41 நிமிடத்துக்கு வேறு பாட்டு இல்லாமலா போய்விடும்?

பாட்டு தயாரானதும் இணையத்தில் ஏற்றும் அவசரத்தைப் பத்து நாள் தள்ளிப்போடுங்கள். முதலில் பென்டிரைவ் வாங்குங்கள். ஷெஃபீல்டு பையன்கள் குறுந்தகடு கொடுத்த மாதிரி, போளூர் பஸ் டிரைவருக்கு ஒன்று, ஆலங்காயம் பஸ் டிரைவருக்கு ஒன்று, ஜமுனாமரத்தூர் டீக்கடைக்கு ஒன்று, மைக்செட்காரர் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் ஒவ்வொன்று. இதற்கு மட்டும் எம்பி3 போதும். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்துவிட்டு ஏற்றுங்கள், பஸ்ஸில் இருக்கும் பழைய பிளேயர் மற்ற முறைகளைப் பெரும்பாலும் படிக்காது. கோப்புகளின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள், இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு வரிசை மாற்றிப் பாடும். டிரைவர் பாதியில் நிறுத்திவிட்டு இளையராஜா போட்டால் கோபப்படாதீர்கள், எந்தப் பாட்டில் நிறுத்தினார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
போளூர்ப் பக்கத்துப் பழைய மைக்செட்காரன்